நான்கு நாள் பழைய பூச்சரம்

தரங்கம்பாடிக்கு இதுவரை இருபத்து மூன்று முறை போயிருக்கிறேன். இருபத்திரண்டு முறை என் பள்ளித் தோழியோடு, ஒரு முறை தனியாக. அந்த ஒரு முறையைப் பற்றி ஆறு வருடம் அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. திறக்க நேர்ந்தது இந்த ஜனவரி 22, புதன்கிழமை, பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன்பு, கோட்டை வாசலில். நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் பேச்சு முற்றியபோது நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தப் பயணங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. கோடு போட்டு ஐந்து பத்தியாகப் பிரித்திருக்கிறேன்: தேதி, கிழமை, பேருந்து புறப்பட்ட நேரம், பார்த்தவை, உடன். ‘உடன்’ என்ற பத்தியில் முதல் வரியில் மட்டும் அவள் பெயர் முழுதாக இருக்கும். அதற்குக் கீழே வரிசையாக ‘மேற்படி’, ‘மேற்படி’. முப்பத்தோரு வருடம் காரைக்காலில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படித்து நகல் எழுதிக்கொடுக்கும் வேலையில் இருந்தவள் நான். மேற்படி போடாமல் எனக்கு ஒரு பக்கம் முடிந்ததில்லை. அந்தப் பத்தியில் ஒரே ஒரு வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. நோட்டை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

நாங்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். நான் தலத்தெருவில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அவள் காரைக்கால் டவுனில், முன்னொரு காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் விட்ட மரக்காயர் வீட்டுப் பெண். அவள் கணவர் முப்பது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து இப்போது வீட்டில் செய்தித்தாள் படிக்கிறார். மகன் துபாயில். எனக்குத் தேதி வாய்த்தது, அவளுக்குப் பேச்சு வாய்த்தது. தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று நான் சொல்வேன். அன்றைக்கு வீட்டைக் காலி செய்த துரைசானிக்கு அம்மிக்கல்லைக் கப்பலில் ஏற்றுவதா வேண்டாமா என்று வேலைக்காரியோடு என்ன சண்டை நடந்திருக்கும் என்று அவள் சொல்வாள். அம்மிக்கல்லுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் அவள் சொல்லும்போது அந்த அம்மியில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கூடத் தெரியும். அந்தக் கதைகளை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இருபத்தோரு வருட நம்பிக்கை.

போன நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். பாரிஸில் நாற்பது வருடம் இருந்துவிட்டு, காரைக்காலில் பெற்றோர் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு தங்க வந்தவர். அவருடைய தாயாரின் பழைய பிறப்புப் பத்திரம் ஒன்றில் ஓர் எழுத்து புரியவில்லையாம். ஓய்வு பெற்ற பிறகும் இப்படி யாராவது என்னிடம் வருவதுண்டு. பிரெஞ்சு எனக்குப் பேச வராது. பதிவேட்டு பிரெஞ்சு மட்டும் கண்ணுக்குத் தெரியும். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததை அந்த அம்மா அழகாகத் திருப்பிச் சொன்னார். என் தோழியும் அன்று என் வீட்டில் இருந்தாள், அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடா கொண்டுவந்திருந்தாள். அந்த அம்மாவுக்கு அவள்தான் தட்டில் எடுத்து வைத்தாள். அறிமுகம் செய்துவைத்தது நான். மூன்றாவது வாரத்திலேயே அவள் பேச்சில் அந்தப் பாரிஸ் அம்மாவைப் பற்றி ‘மதாம் சொன்னாங்க’, ‘மதாம் வீட்டுல’ என்று வர ஆரம்பித்துவிட்டது. டிசம்பரில் இரண்டு வியாழக்கிழமை என் வீட்டுக்கு வரவில்லை. வியாழன் எங்கள் நாள்.

ஆக, ஜனவரி 22 எனக்கு வெறும் பயணம் இல்லை. இந்த ஒரு நாளாவது முன்புபோல இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வரும் ஒரு வார நாளை நான் குறித்துச் சொல்வேன். அவள் சரி என்பாள். அதுதான் வழக்கம். பேருந்து நிலையத்துக்கு நான் எட்டே முக்காலுக்குப் போனேன். அவள் ஒன்பது பத்துக்கு வந்தாள். கையில் புதுப் பை, நீலத்தில் ஈபிள் கோபுரம் போட்டது.

“பஸ்ஸு போயிடுச்சா?”

“ஒண்ணு போயிடுச்சு. எட்டு அம்பத்தஞ்சு.”

“போனா போவுது. அதுல போனவங்க கோட்டைய தூக்கிகிட்டா போயிடுவாங்க?”

அடுத்த பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு விட்டாள். கோட்டுச்சேரி தாண்டி நண்டலாற்றுப் பாலம் வரும்வரை மதாமின் வீட்டுக் குளியலறைக் குழாய் பற்றிப் பேசினாள். புதுச்சேரி எல்லை முடிகிற அந்தப் பாலத்தில் ஏறியதும், வழக்கம்போல, “எல்லை தாண்டியாச்சு, பாஸ்போர்ட்ட எடு” என்றாள். இருபத்தோரு வருடமாக அதே நகைச்சுவை. நான் வழக்கம்போலச் சிரித்தேன். அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கியதும் நான் ஆட்டோவைப் பார்த்தேன்.

“ஆட்டோ வேணாம். உள்ள ஒரு எடத்துல தோண்டிப் போட்டிருக்கான், சுத்திகிட்டுதான் போவான். நடந்தே போவோம்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லா ஊர்லயும்தானே தோண்டுறாங்க,” என்றாள். நடந்துவிட்டாள்.

ஊர் முகப்பில் நிற்கும் டேனிஷ் காலத்து வெள்ளை வாசலைத் தாண்டி ராஜ வீதியில் போனால் இரண்டு பழைய தேவாலயங்கள். ஒன்றின் முகப்பில் 1718 என்று தெளிவாகவே இருக்கிறது; வருடத்தைச் சுவரில் எழுதிவைத்த கட்டடங்களை எனக்குப் பிடிக்கும், மனிதர்கள் அப்படி எழுதிக்கொள்வதில்லை. சொன்னபடியே வீதியின் பாதியில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் இருந்தது. பள்ளத்தின் மேல் பலகை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அவள் பின்னாலேயே பலகையில் ஏறினேன்.

அங்கிருந்து ஒதுங்கினாற்போல ஒரு பழைய கல்லறைத் தோட்டம். நாங்கள் முதலில் போவது அங்கேதான். ஓரத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே, ஒரு முழங்கை நீளத்தில் ஒரு சின்னக் கல். மூன்றாவது பயணத்தில் அதைக் கண்டுபிடித்தது நான். பெயர் தேய்ந்துபோய் முதலெழுத்து மட்டும் நிற்கிறது. மாதமும் வருடமும் அரைகுறை, ஆனால் இரண்டு வரியிலும் ஒன்றுதான். பிறந்த நாள் பத்து என்றும் இறந்த நாள் பதினொன்று என்றும் விரலால் தடவிப் படித்து, “ஒரு நாள்தான் இருந்திருக்கு இது” என்று அன்றைக்கு நான் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பர்தாவுக்குள் தலையில் வைத்திருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளியெடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். அதிலிருந்து வருடா வருடம் அவள் பூ வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாள் குழந்தைக்கு ஒரு புதுக் கதை சொல்வாள். ஒரு வருடம் தமிழ்த் தாதி ஒருத்தி அதன் நாக்கில் உரைமருந்து தடவினாள். ஒரு வருடம் தகப்பன் கப்பலில் இருந்தான், அவனுக்குக் கடிதம் போய்ச் சேர எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் அவன் கணக்கில் அந்தக் குழந்தை உயிரோடு இருந்தது. அதைச் சொன்ன அன்று எனக்கும் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டேன்.

இந்தப் புதன்கிழமை அந்தக் கல்லின்மேல் ஏற்கெனவே ஒரு பூச்சரம் இருந்தது.

மல்லிகை. விளிம்பு பழுப்பாகி, காம்பு சுருங்கி, நாரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பனி இறங்குகிற மாதம், மர நிழல் வேறு. நான்கு நாள் இருக்கும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அவள் குனிந்து, புதுப் பூவை அந்தப் பழைய பூவின்மேலேயே வைத்தாள். ஒதுக்கிவிட்டு வைக்கவில்லை, மறைத்து வைத்தாள். அந்த வருடத்துக் கதையும் இல்லை. “வெயிலு ஏறுது, வா” என்றாள்.

கடற்கரைப் பக்கம் நடக்கும்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை நோட்டில் அன்று எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். ஊரில் யாரோ வைத்த பூ என்று ஒரு பக்கம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபக்கம் ஈபிள் கோபுரம் போட்ட பை என் முன்னால் ஆடிக்கொண்டே போனது. இந்த வயதில், தலை நரைத்த இரண்டு பெண்களுக்கு நடுவில், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் இடம் பிடிப்பது மாதிரி ஒரு எரிச்சல் இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கோட்டை வாசலில் சீட்டு கொடுக்கும் மனிதர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். எனக்கு அவரைத் தெரியாது, புதியவர்.

“வாங்க டீச்சரம்மா. இன்னைக்கு வேற ஆளோட வந்திருக்கீங்க.”

“இவங்கதாங்க பழைய ஆளு,” என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

“அன்னைக்கு வந்த பாரிஸ் அம்மா வரலீங்களா?”

“இல்லைங்க.”

நான் அவளைப் பார்த்துக் கேட்டது இதுதான்: “எந்தத் தேதி?”

“தேதியெல்லாம் யாரு பாத்தா. சனிக்கிழம.”

“பதினெட்டு,” என்றேன்.

“சரி, பதினெட்டு. மதாம் கார் எடுத்தாங்க, ஒரு ரவுண்டு வாங்கன்னாங்க, வந்தேன். ஒங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ இப்படி மூஞ்சிய வச்சுக்குவேன்னுதான் சொல்லல.”

“நான் எப்படியும் வச்சுக்கல.”

“கண்ணாடியில பாரு.”

எங்களுக்கிடையில் நடப்பது எதுவும் தெரியாமல் சீட்டுக்காரர் என்னிடம் திரும்பினார். “டீச்சரம்மா சனிக்கிழம இங்க நின்னு சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு நாள் புள்ள கதை. எங்க ஆளுங்க வேலைய விட்டுட்டு கேட்டாங்க. அந்த பாரிஸ் அம்மா போன்ல புடிச்சாங்க. எனக்கும் அனுப்புனாங்க. வீட்ல போட்டுக் காட்டுனேன், எம் பொண்ணு சாப்புடாம படுத்துடுச்சு.” இதைச் சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் சீட்டு வாங்க நின்ற ஒரு தம்பதியிடம், “ஒரே ஒரு நாள் உசுரோட இருந்த டேனிஷ்காரக் கொழந்தையோட கல்லறை இருக்குங்க, போற வழியில பாத்துட்டுப் போங்க” என்று வழிசொல்லத் தொடங்கினார்.

நான் கண்ட கல். நான் படித்த எண். எனக்கென்று இருபது வருடமாகச் சொல்லப்பட்ட கதை. அது இப்போது சீட்டோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் என் பெயர் எங்கேயும் இல்லை, கதை சொன்னதற்காக அவர் வைத்த டீச்சரம்மா பட்டம்கூட அவளுக்குத்தான்.

“ஒரு நாள் இல்லைங்க,” என்றேன். “ஏழு நாள்.”

அவர் அவளைப் பார்த்தார். “டீச்சரம்மா ஒரு நாள்னுதானே சொன்னாங்க?”

“டீச்சரம்மாவுக்கு யாரோ தப்பா சொல்லிக்குடுத்திருக்காங்க.”

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சொல்லும்போது இனித்தது.

“யாரோ இல்ல,” என்றாள் அவள், மெதுவாக. “நீதான் சொன்ன.”

“தப்பா படிச்சிட்டேன்.”

“எப்படி?”

விளக்கம் என்றால் எனக்கு வாய் வரும். என் முப்பத்தோரு வருட வேலையே அந்தத் தவற்றுக்குக் காரணம். பிரெஞ்சுக் கை எழுதிய பதிவேட்டில் ஏழு என்றால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு கட்டாயம் இருக்கும். ஒன்றுக்குக் கோடு இருக்காது, ஆனால் உச்சியிலிருந்து இடப்பக்கம் நீளமாக ஒரு மூக்கு இருக்கும். கோடு போட்டது ஏழு, மூக்கு வைத்தது ஒன்று. காரைக்காலில் பழைய ஏடு படிக்கிற யாருக்கும் இதுதான் முதல் பாடம். அந்தக் கல்லில் மூக்கு இருந்தது, குறுக்குக் கோடு இல்லை. அதனால் யோசிக்காமல் பதினொன்று என்று படித்துவிட்டேன். ஆனால் கல்லை வெட்டியவன் பிரெஞ்சுக்காரன் இல்லையே. அவனுடைய ஏழுக்குக் கோடு கிடையாது. அவனுடைய ஒன்றுக்கு மூக்கு கிடையாது, வெறும் குச்சி. பக்கத்திலேயே பத்தில் ஒரு ஒன்று நிற்கிறது, குச்சியாக. ஒரே கல்லில் ஒரே உளி இரண்டு விதமாக ஒன்று வெட்டாது. அது பதினேழு. பத்திலிருந்து பதினேழு.

“அப்ப நீங்கதான் டீச்சருங்களா?” என்றார் சீட்டுக்காரர்.

அவள் அவரைக் கவனிக்கவில்லை. “இது எப்ப ஒனக்குத் தெரிஞ்சுது?”

இங்கேதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான், சற்று முன்னால்தான் கவனித்தேன் என்றால் முடிந்தது. வாழ்க்கையில் பொய்யே சொல்லாதவள் இல்லை நான். தேதியில் மட்டும் சொன்னதில்லை.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி. ஜனவரி இருபத்தஞ்சு.”

அவள் விரல் மடித்து எண்ணினாள். “நான் துபாய்ல இருந்தேன். பேரன் பொறந்து நாப்பதுகூட ஆகல.”

“ஆமா.”

“நான் வந்ததும் ஏப்ரல்ல போவோம்னு சொன்னேன். போனோமே. நீயும் வந்த.”

“அதுக்கு முன்னாடி ஒரு தடவ தனியா வந்தேன்.”

அந்த ஜனவரியில் அவள் தினமும் குழந்தையின் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டுகிற படம், கொட்டாவி விடுகிற படம். ஒரு மாதமாக ஒரு வரி எனக்கென்று எழுதவில்லை. எங்கள் தேதி வந்தது, போனது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் பேருந்து ஏறினேன். யாரையும் பழிவாங்க அல்ல என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். காலை வெயில் சாய்வாக விழுந்து கல்லில் பள்ளமெல்லாம் நிழல் கட்டியிருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. பென்சிலால் நோட்டில் திருத்தினேன். ஏப்ரலில் அவளோடு திரும்ப வந்தபோது அவள் பூ வைத்து, ஒரு நாள் குழந்தைக்கு ஒரு கதை சொன்னாள். ஏழு நாள் என்று சொன்னால் எப்போது பார்த்தாய் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை. அடுத்த வருடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு வயது ஏறிக்கொண்டே போனது.

நாங்கள் கோட்டைக்குள் போகவில்லை. சீட்டுக்காரர், “உள்ள வரலீங்களா” என்று கேட்டபோதே நடக்கத் தொடங்கியிருந்தோம். கடல் பக்கத்துச் சுவரில் போய் உட்கார்ந்தோம். அவள் ஈபிள் கோபுரப் பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். இறால் வாடா. இரண்டை என் பக்கம் நகர்த்தினாள். கோபத்தில்கூட பங்கு பிசகாது.

“அழுதிருக்கேன்டி அந்தப் புள்ளைக்கு,” என்றாள். “ஒரு நாளு, ஒரே ஒரு நாளுன்னு. ஆறு வருஷமா நீ பக்கத்துல நின்னு பாத்துகிட்டிருந்த. இது பொய்யின்னு தெரிஞ்சுகிட்டே பாத்துகிட்டிருந்த.”

“நீ மதாம கூட்டிகிட்டு வந்த.”

“நான் கூட்டியாந்தத நாலு நாள்ல நீ கண்டுபுடிச்சிட்ட. பூவ பாத்த ஒடனேயே ஒம் மூஞ்சி மாறிடுச்சு, எனக்குத் தெரியாதா? நீ மறைச்சத நான் எங்கேந்து கண்டுபுடிக்கிறது? எனக்குத் தேதி படிக்கவா தெரியும்? நீ சொன்னா அதுதான்.”

அலை கல்லில் வந்து மோதிப் போய்க்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இரண்டு பேர் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாடாவைக் கையில் வைத்திருந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்கு உறைத்தது: நீ சொன்னா அதுதான். சனிக்கிழமை அவள் சீட்டுக்காரரிடமும் மதாமிடமும் தன் வாயால் சொன்னது என்னுடைய எண்ணை. நான் என்றைக்கோ தந்து, நானே கைவிட்ட ஒரு தவற்றை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அதற்காக என் எரிச்சல் அடங்கிவிடவில்லை. மதாமுக்கு எந்தக் கதையைச் சொன்னாள், கப்பல் கதையையா, தாதி கதையையா என்று அந்த நேரத்திலும் மனம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டேன்.

“கப்பல் கதை,” என்றாள்.

“அது எனக்குச் சொன்னது.”

“ஒனக்கு சொன்னப்ப நீ என்னா சொன்ன, ஞாபகம் இருக்கா? ‘அப்பல்லாம் கடிதம் போக எட்டு மாசம் ஆவாது, ஏழுதான்’ன்னு சொன்ன. மதாம் அழுதாங்க.”

கண் கலங்கியது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது உண்மைதான். அவளிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை என்பதும் உண்மைதான். மாதக் கணக்கைத்தான் திருத்தியிருக்கிறேன்.

அவள் கை துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சரி, சரியாப் போச்சு. நீ ஒரு தடவ தனியா வந்த, நான் ஒரு தடவ வேற ஆளோட வந்தேன். ஆளுக்கு ஒண்ணு.”

“அது எப்படி சரியாவும்? நான் வேற யாரோடயும் வரலயே.”

“ஒன்னோட யாரு வருவா,” என்றாள். முதல்முறையாக அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முடிந்த பிறகும் வலித்தது.

அவள் பேருந்து நிறுத்தம் பக்கம் போகவில்லை, கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பினாள். சின்னக் கல்லின்முன் குத்த வைத்து உட்கார்ந்து, புதுப் பூவையும் பழைய பூவையும் சேர்த்து எடுத்துத் தரையில் வைத்தாள். இத்தனை வருடம் அவள் பூ வைத்த இடம் சரியாக அந்த எண்களின் மேல். பத்து என்பதன் ஒன்றை ஆள்காட்டி விரலால் தடவினாள். பிறகு பதினேழின் முதல் எண். பிறகு கடைசி எண்.

“இதுக்கு மூக்கு இல்ல. இதுக்கும் இல்ல. இதுக்கு இருக்கு.” திரும்பத் தடவினாள். “ஆமா. ஏழுதான்.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“எங்கள்ல ஏழாம் நாளு முடி எறக்கிப் பேரு வைப்போம்,” என்றாள் அவள், கல்லைப் பார்த்தபடியே. “ஒரு நாள்ல போன புள்ளைக்குப் பேரே இருந்திருக்காதுன்னு நெனச்சுகிட்டிருந்தேன். ஏழு நாள்னா வச்சிருப்பாங்கல்ல? கூப்பிட்டிருப்பாங்கல்ல, ஒரு நாளாவது?”

“எங்கள்ல அதுக்கு முன்னாடியே ஞானஸ்நானம் குடுத்துடுவாங்க. பலவீனமான புள்ளைன்னா அன்னைக்கே.”

“அப்ப ஏழு நாளும் கூப்பிட்டிருப்பாங்க.”

“இருக்கலாம். ஆதாரம் இல்ல.”

“ஒன்னைய ஆதாரம் கேக்கல,” என்றாள். பூவைத் திரும்ப வைத்தாள். இம்முறை எண்களுக்குக் கீழே, அவை தெரிகிற மாதிரி.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பொறையார் தாண்டியதும் போனை எடுத்து, வாய்ப்பக்கம் வைத்து, மதாமுக்குக் குரல் செய்தி பதிய ஆரம்பித்தாள். நான் பக்கத்தில், எல்லாம் கேட்கிற தூரத்தில்.

“மதாம், சனிக்கிழம நான் சொன்னேன்ல, அந்தக் கொழந்தை. அது ஒரு நாள் இல்லையாம். ஏழு நாளு. நான் தப்பா சொல்லிட்டேன். என் கூட்டாளி இருக்கால்ல, ஒங்க பத்திரம் படிச்சாளே, அவதான் இன்னைக்குக் கண்டுபுடிச்சா.”

இன்னைக்கு என்றாள். அவள் சொன்னது தவறான தேதி. என் முன்னாலேயே, தெரிந்தே, எனக்காகச் சொன்னது. தேதி தப்பாகும் இடத்தில் குறுக்கே பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அன்று பேசாமல் இருந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. “ஏழு நாளுன்னா பாருங்க மதாம், மொத நாளு அந்த வீட்டுல யாரும் தூங்கிருக்க மாட்டாங்க. ரெண்டாம் நாளு புள்ள கொஞ்சம் பால் குடிச்சிருக்கும். மூணாம் நாளு தாயிக்கு நம்பிக்கை வந்திருக்கும், அதுதான் மதாம் கஷ்டம், மூணாம் நாளு...” நண்டலாற்றுப் பாலம் வந்தது, போனது. பாஸ்போர்ட் கேட்க அவள் மறந்துவிட்டாள். நான்காம் நாள் குழந்தையின் நகத்தை யார் வெட்டுவது என்று அந்த வீட்டில் நடந்த பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தது. இருபத்தோரு வருடத்தில் அவள் சொன்னவற்றிலேயே நல்ல கதை அதுதான் என்று நினைக்கிறேன். அந்த வருடத்துக் கதை எனக்கும் கிடைத்தது, ஆனால் இன்னொருத்திக்குப் போகிற வழியில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டதாக. கோட்டுச்சேரி வந்தபோது ஏழாம் நாள் முடிந்தது. என் கண் கலங்கியதை இந்தத் தடவை நான் துடைக்கவில்லை. அவள் பார்த்தாள்.

“என்னா, கணக்கு எதாவது தப்பா?” என்றாள்.

“இல்ல. சரியா இருக்கு.”

தலத்தெரு நிறுத்தம் நெருங்கியதும் நான் எழுந்தேன். அவளுக்கு டவுன் வரை போக வேண்டும். என் முழங்கையைப் பிடித்தாள்.

“அடுத்த வருஷம் மதாமையும் கூட்டியாரவா? கார் இருக்கு. ஒம் முட்டிக்கும் நல்லது.”

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. நடத்துநர் விசில் அடித்துவிட்டார்.

“தேதிய நான்தான் சொல்லுவேன்,” என்றேன்.

“வேற யாரு சொல்லப் போறா?” என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றேகால். கை கால் கழுவிவிட்டு நோட்டை எடுத்தேன். தேதி, கிழமை எழுதினேன். பேருந்து ஒன்பது இருபது. பார்த்தவை: வீதி, கல்லறை இரண்டு முறை, கடல், கோட்டை பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய வரியில் பென்சிலால் போட்ட திருத்தத்தை மையால் மேலெழுதினேன். அந்த வரியின் ‘உடன்’ பத்தி வெறுமையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புது வரியில் ‘உடன்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா பழக்கத்தில் ‘மே’ என்று எழுதிவிட்டது. அதை அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு, அவள் பெயரை முழுதாக எழுதினேன்.